ஒயின் கடையில் ஒயின் ஏன் மலிவாக இல்லை?

மும்பையில் மாதுங்காவிலிருந்து தாராவி வரையிலோ, செம்பூரிலிருந்து சயான் வரையிலோ நடந்து செல்பவரின் கண்ணில் "ஒயின்ஸ்" என்ற பெயர்ப் பலகை படாமல் இருக்காது. ஆனால் அந்தப் பலகையின் கீழ் கூட்டமாக நிற்பவர்களில் ஒயின் கேட்பவர் அபூர்வம். விஸ்கி, ரம், பிராந்தி, பீர் இவைதான் விற்பனை. திராட்சையில் வடித்த உண்மையான ஒயின் ஒரு மூலை அலமாரியில் வெயிலையும் தூசியையும் வாங்கிக்கொண்டு நிற்கும். ஓரளவு பெயருள்ள உள்நாட்டுப் புட்டி ஒன்றின் விலை ஆயிரம் ரூபாயை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். வெளிநாட்டுப் புட்டி என்றால் கேட்கவே வேண்டாம்.

மகனையோ மகளையோ பார்க்க அமெரிக்காவுக்கும் லண்டனுக்கும் போய்வரும் பெற்றோர் இன்று மும்பைத் தமிழர்களிடையே ஏராளம். அங்கே பால், ரொட்டி, காய்கறி விற்கும் அதே கடையில் ஒயினும் அடுக்கியிருப்பதையும், அதன் விலை பல சமயம் இரண்டு காப்பியின் விலைக்கு மேல் போகாததையும் பார்த்துவிட்டு வந்து அவர்கள் வியப்போடு சொல்வதுண்டு. அங்கே மலிவு, இங்கே ஏன் இந்த விலை? அங்கே மளிகைக் கடையில் கிடைப்பது இங்கே ஏன் கம்பிக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது? இந்தக் கேள்வி குடிப்பவர்களின் சௌகரியத்தோடு நின்றுவிடுவதன்று. நாசிக் மாவட்டத்துத் திராட்சை விவசாயியின் பிழைப்பும், ராஜ்ய சர்க்காரின் கஜானாவும், ஏழைக் குடும்பத்தின் நிம்மதியும் அதில் பின்னிக் கிடக்கின்றன.

இரண்டு டாலர் ஒயின்

மலிவு ஒயினின் கதையில் 2002ஆம் ஆண்டு முக்கியமானது. கலிபோர்னியாவில் டிரேடர் ஜோஸ் என்ற மளிகைக் கடைத் தொடர் "சார்லஸ் ஷா" என்ற பெயருள்ள ஒயினை புட்டி 1.99 டாலருக்கு விற்கத் தொடங்கியது. அன்றைய மாற்று மதிப்பில் நூறு ரூபாய்க்கும் குறைவு. "டூ பக் சக்" என்று மக்கள் அதற்குச் செல்லப் பெயர் சூட்டினார்கள். பிராங்கோ ஒயின் கம்பெனியின் ஃபிரெட் ஃபிரான்சியா அதன் சூத்திரதாரி. நொடித்துப்போன ஒரு நாபா பள்ளத்தாக்கு ஆலையின் பெயரை அவருடைய கம்பெனி விலைக்கு வாங்கி வைத்திருந்தது. 1990களின் செழிப்பான காலத்தில் கலிபோர்னியாவில் கண்மண் தெரியாமல் நடப்பட்ட திராட்சைக் கொடிகள் காய்ப்புக்கு வந்தபோது சந்தை சரிந்திருந்தது. தேங்கிக் கிடந்த சரக்கு அடிமட்ட விலைக்குக் கிடைத்தது. அதை வாங்கி, அந்தப் பழைய பெயரை ஒட்டி, நேரே கடைக்கு அனுப்பினார்கள். விளம்பரச் செலவும் இல்லை, இடைத்தரகரும் குறைவு.

இரண்டு டாலர் சரக்கு எப்படி இருந்துவிடப் போகிறது என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. 2007இல் கலிபோர்னியா மாநிலக் கண்காட்சியின் போட்டியில், பெயரை மறைத்துச் சுவைத்துப் பார்த்த நடுவர்கள் அதே சார்லஸ் ஷாவின் 2005ஆம் ஆண்டு ஷார்டனே ஒயினுக்கு அந்த வகையில் முதல் பரிசைக் கொடுத்துவிட்டார்கள். ஏளனம் செய்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

விலைக்கும் சுவைக்கும் உள்ள உறவைப் பற்றி கலிபோர்னியாவின் கால்டெக் கழகமும் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகமும் சேர்ந்து நடத்திய ஆராய்ச்சி ஒன்று 2008இல் வெளியாயிற்று. ஒரே ஒயினை 10 டாலர் என்று சொல்லி ஒரு முறையும், 90 டாலர் என்று சொல்லி மறு முறையும் கொடுத்தார்கள். 90 டாலர் என்று கேட்டவுடன் குடித்தவர்களுக்கு அது அதிக ருசியாக இருந்தது! மூளையில் இன்பத்தை உணரும் பகுதியின் இயக்கமும் அப்போது கூடியிருந்ததாகப் பதிவாயிற்று. விலைச் சீட்டுக்கும் ருசி உண்டு என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

அங்கே மலிவு எப்படி வருகிறது?

ஜெர்மனியில் தோன்றி இன்று பல நாடுகளில் பரவியிருக்கும் ஆல்டி, லிடில் போன்ற மலிவு விலைக் கடைகள் ஒயின் விற்கும் முறையைக் கவனித்தால் ரகசியம் எதுவும் இல்லை என்பது தெரியும். முதலாவது, சரக்கு வகைகள் குறைவு. நூற்றுக்கணக்கான வகைகளை அடுக்கிக் காத்திருப்பதற்குப் பதிலாகச் சில டஜன் வகைகளை மட்டும் லட்சக்கணக்கில் வாங்கினால், ஆலைக்காரரிடம் விலை பேச முடிகிறது. இரண்டாவது, கடையின் சொந்தப் பெயரிலேயே புட்டி வருகிறது. பிரபல ஆலையின் பெயருக்காகக் கொடுக்கும் பணம் மிச்சம். மூன்றாவது, போக்குவரத்து. கப்பலில் ஏற்றும் இருபதடிப் பெட்டிக்குள் ஒரு பெரிய பையை வைத்து 24,000 லிட்டர் ஒயினை நிரப்பி அனுப்புகிறார்கள். அது 32,000 புட்டிகளுக்குச் சமம். புட்டிகளாக அடுக்கினால் அதில் பாதிகூட அந்தப் பெட்டியில் கொள்ளாது. விற்கும் ஊருக்கு அருகில் கொண்டுபோய்ப் புட்டியில் அடைத்துக்கொள்கிறார்கள்.

நான்காவது காரணம்தான் பெரியது. அது உபரி. உலகத்தில் ஒயின் குடிப்பது குறைந்துகொண்டே வருகிறது. சர்வதேச திராட்சை, ஒயின் அமைப்பின் கணக்குப்படி 2024இல் உலகம் முழுவதும் குடிக்கப்பட்ட ஒயின் சுமார் 21.4 கோடி ஹெக்டோலிட்டர். 1961க்குப் பிறகு இவ்வளவு குறைந்ததில்லை. 2023இல் பிரான்ஸ் தேசத்தில், விற்காமல் தேங்கிய ஒயினை வாங்கிக் காய்ச்சி வேறு உபயோகங்களுக்கான ஆல்கஹாலாக மாற்றுவதற்காக 20 கோடி யூரோ ஒதுக்கப்பட்டது. மலிவுக் கடையில் ஒருவர் சந்தோஷமாக எடுத்துவரும் புட்டிக்குப் பின்னால், அடக்க விலை கிடைக்காத ஒரு விவசாயி எங்கோ இருக்கிறார் என்பதை மறந்துவிடுவதற்கில்லை. வாங்குபவருக்கு அதிர்ஷ்டம் என்று தோன்றுவது விளைவிப்பவருக்கு நஷ்டக் கணக்காக இருக்கக்கூடும்.

இங்கே விலை ஏறும் படிக்கட்டு

இந்தியாவில் மது ராஜ்யங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது. சரக்கு, சேவை வரியான ஜி.எஸ்.டி.யின் வளையத்துக்குள் குடிக்கும் மது வரவில்லை. ஒவ்வொரு ராஜ்யமும் தனித்தனியே கலால் வரி, விற்பனை வரி, உரிமக் கட்டணம், லேபிள் பதிவுக் கட்டணம் என்று விதித்துக்கொள்கிறது. ஆகவே நாசிக்கில் அடைத்த புட்டி ஒன்று மகாராஷ்டிர எல்லையைத் தாண்டியதும், ஏறத்தாழ அந்நிய நாட்டுச் சரக்கைப் போலவே நடத்தப்படுகிறது. நாடு முழுவதற்கும் ஒரே விலையில் மொத்தமாக வாங்கி விற்க எந்தக் கடைக்காரராலும் இயலாது. ஆல்டியைப் போன்ற கடை இங்கே முளைக்காததற்கு இதுவே முதல் காரணம்.

வெளிநாட்டு ஒயினுக்குச் சுங்க வரி 150 சதவிகிதம். உதாரணத்துக்கு, ஐரோப்பாவில் 300 ரூபாய்க்குக் கப்பலேறும் ஒரு புட்டியை எடுத்துக்கொள்ளலாம். சுங்க வரி 450 ரூபாய். துறைமுகத்தை விட்டு வெளியே வரும்போதே விலை 750 ரூபாய். அதன்மேல் கப்பல் கூலி, இறக்குமதியாளரின் லாபம், ராஜ்ய வரி, மொத்த வியாபாரியின் பங்கு, சில்லறைக் கடைக்காரரின் பங்கு. கடை அலமாரிக்கு வந்து சேரும்போது அது 1,500 ரூபாயைத் தாண்டியிருந்தால் வியப்பதற்கில்லை. வாங்குபவர் 1,500 ரூபாய் கொடுத்துக் குடிப்பது 300 ரூபாய் ஒயினைத்தான்.

சமீப வருஷங்களில் செய்துகொள்ளப்பட்ட வர்த்தக ஒப்பந்தங்களால் இந்த நிலை மாறாதா என்று கேட்கலாம். 2022 டிசம்பர் 29இல் அமலுக்கு வந்த ஆஸ்திரேலிய ஒப்பந்தத்தைப் படித்தால் விவரம் புரியும். 15 டாலரும் அதற்கு மேலும் மதிப்புள்ள புட்டிக்கு வரி உடனே 75 சதவிகிதமாகக் குறைந்து, 10 ஆண்டுகளில் 25 சதவிகிதத்துக்கு இறங்கும். 5 டாலரிலிருந்து 15 டாலர் வரையுள்ள புட்டிக்கு வரி 100 சதவிகிதமாகக் குறைந்து, 10 ஆண்டுகளில் 50 சதவிகிதமாகும். 5 டாலருக்குக் கீழ்ப்பட்ட புட்டிக்குச் சலுகையே கிடையாது. அதாவது விலையுயர்ந்த சரக்கு மலிவாகும். மலிவான சரக்கு மலிவாகாது. 2026 ஜனவரியில் பேச்சு முடிந்ததாக அறிவிக்கப்பட்ட ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்திலும் ஒயின் வரியைப் படிப்படியாகக் குறைப்பது ஓர் அம்சம்.

மேலோட்டமாகப் பார்த்தால் இந்த ஏற்பாடு பணக்காரர்களுக்குச் சாதகமானது என்று தோன்றும். ஆனால் அதில் ஒரு நியாயமும் இருக்கிறது. ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் தேங்கிக் கிடக்கும் உபரி ஒயின் தடையின்றி இங்கே வந்து கொட்டப்பட்டால் முதலில் அடிபடுபவர் நாசிக் விவசாயிதான்.

நாசிக் திராட்சையின் ஏற்ற இறக்கம்

மகாராஷ்டிரத்தில் ஒயின் தொழிலுக்கு வித்திட்டது 2001ஆம் ஆண்டின் திராட்சைப் பதனீட்டுக் கொள்கை. ராஜ்யத்துக்குள் விளைந்த திராட்சையில் செய்யும் ஒயினுக்குக் கலால் வரி விலக்கு அளிக்கப்பட்டது. நாசிக் மாவட்டத்தில் விஞ்சூரிலும், சாங்லி மாவட்டத்தில் பலூஸிலும் ஒயின் பூங்காக்கள் அமைந்தன. அதற்கு முன்பே நாசிக்கில் கால் ஊன்றிய சூலா ஆலை 2000இல் தன் முதல் ஒயினை வெளியிட்டிருந்தது. அதைப் பார்த்துப் பலரும் துணிந்தார்கள். ஐரோப்பாவில் இலையுதிர் காலத்தில் நடக்கும் அறுவடை இங்கே ஜனவரி முதல் மார்ச் வரை நடக்கிறது. செப்டம்பர் வாக்கில் கொடியைக் கவாத்து செய்து, குளிர் காலத்து இரவுகளில் பழத்தைப் பழுக்க வைக்கும் வித்தையை நாசிக் விவசாயிகள் கற்றுக்கொண்டார்கள்.

ஆனால் ஒயின் திராட்சை வேறு, சாப்பிடும் திராட்சை வேறு. சந்தையில் விற்கும் விதையில்லாத் திராட்சை விலை போகாவிட்டால் உலர்த்தித் திராட்சை வற்றலாகவாவது ஆக்கலாம். சிறிய மணியும் தடித்த தோலும் விதையுமான ஒயின் திராட்சையை ஆலைக்காரர் வாங்காவிட்டால் வேறு கதியில்லை. 2008 நவம்பரில் மும்பையில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகு ஓட்டல்களில் வியாபாரம் படுத்தது. உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்துகொண்டது. பல ஆலைகள் கொள்முதலைக் குறைத்தன, சில கைவிரித்தன. கடன் வாங்கிக் கொடி நட்டவர்கள் அவற்றை வெட்டி எறிந்துவிட்டு மறுபடியும் சாப்பிடும் திராட்சைக்கே திரும்பினார்கள்.

விற்பனை வரியின் பெரும் பகுதியை ஆலைகளுக்குத் திருப்பிக் கொடுக்கும் திட்டத்தை மகாராஷ்டிர சர்க்கார் கொண்டுவந்தது. 20 சதவிகித வரியில் 16 சதவிகிதம் ஆலைக்குத் திரும்பி வரும். இடையில் சில வருஷம் நின்றுபோயிருந்த அந்தத் திட்டம் 2024இல் மீண்டும் உயிர்பெற்றது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்தச் சலுகை ஆலைக்குப் போகிறது. கடையில் வாங்குபவரின் பில்லில் 20 சதவிகிதமும் அப்படியே இருக்கிறது. ஆலை தன் பங்கைக் கருதி விலையைக் குறைத்தால் உண்டு. திராட்சை விவசாயிக்கு எவ்வளவு போகவேண்டும் என்ற நிபந்தனையும் இதில் வலுவாக இல்லை என்பது குறைதான்.

மளிகைக் கடையில் ஒயின்

2022 ஜனவரி 27இல் மகாராஷ்டிர மந்திரி சபை ஒரு முடிவெடுத்தது. 100 சதுர மீட்டருக்குக் குறையாத சூப்பர் மார்க்கெட்டுகளில், பூட்டக்கூடிய தனி அலமாரியில் ஒயின் விற்கலாம் என்பது அந்த முடிவு. கோவில், பள்ளிக்கூடம் ஆகியவற்றின் அருகில் கூடாது, மதுவிலக்கு உள்ள வர்தா, கட்சிரோலி மாவட்டங்களில் கூடாது என்று நிபந்தனைகளும் இருந்தன. திராட்சை விவசாயிகளின் நன்மைக்காகவே இது என்று சர்க்கார் சொல்லிற்று. ஆளுங்கூட்டணித் தலைவர் ஒருவர் ஒயின் மதுவே அல்ல என்றுகூட வாதிட்டார். எதிர்க்கட்சியாக இருந்த பாரதீய ஜனதா கடுமையாகச் சாடியது. அண்ணா ஹசாரே உண்ணாவிரதம் இருக்கப் போவதாக அறிவித்தார். பொதுமக்களின் அபிப்பிராயத்தைக் கேட்ட பிறகே அமல்படுத்துவோம் என்று சர்க்கார் உறுதி கொடுத்ததும் அந்த அறிவிப்பைக் கைவிட்டார். 2022 ஜூனில் அந்த மந்திரி சபையே கவிழ்ந்தது. மளிகைக் கடை அலமாரி காகிதத்தோடு நின்றுவிட்டது.

இரு தரப்பு வாதங்களிலும் மிகை உண்டு. 13 சதவிகித ஆல்கஹால் உள்ள 750 மில்லி ஒயின் புட்டியில் சுத்த ஆல்கஹால் சுமார் 97 மில்லி. 42.8 சதவிகிதமுள்ள 180 மில்லி விஸ்கியில், அதாவது ஒரு குவார்ட்டரில், சுமார் 77 மில்லி. ஒரு முழுப் புட்டி ஒயினில் இருக்கும் ஆல்கஹால் ஒரு குவார்ட்டரைவிட அதிகம். எனவே ஒயின் மதுவல்ல என்பது பேச்சு வன்மையே தவிர உண்மையல்ல. ஆல்கஹாலில் ஆபத்தில்லாத அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. இதயத்துக்கு நல்லது என்று சொல்லி ஒயின் விற்கும் காலம் முடிந்துவிட்டது.

மறுபுறம், ஒயின் மலிவானால் கூலித் தொழிலாளி அதில் விழுந்துவிடுவார் என்ற அச்சத்தையும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 2025 ஜூனில் மகாராஷ்டிர சர்க்கார் மதுவகைகளின் கலால் வரியை உயர்த்தியபோது, 180 மில்லிக்குக் குறைந்தபட்ச விலையாக நாட்டுச் சாராயத்துக்கு 80 ரூபாயும், ராஜ்யத்துக்குள்ளேயே தானியத்தில் தயாராகும் புதிய வகைக்கு 148 ரூபாயும், விஸ்கி, ரம் வகையறாக்களுக்கு 205 ரூபாயும் நிர்ணயித்தது. பீருக்கும் ஒயினுக்கும் அந்த உயர்வு இல்லை. 205 ரூபாய் குவார்ட்டரில் ஒரு மில்லி ஆல்கஹாலின் விலை சுமார் 2 ரூபாய் 70 காசு. 900 ரூபாய் ஒயின் புட்டியில் அதுவே 9 ரூபாய்க்கு மேல். மூன்று மடங்குக்கும் அதிகம். ஒயினின் விலை பாதியாகக் குறைந்தாலும், போதைக்காகக் குடிப்பவர் அதை நாடப்போவதில்லை. ஆகவே விஸ்கி குடிப்பவர்களை ஒயினுக்கு மாற்றிவிடலாம் என்ற நம்பிக்கைக்கும் இதே கணக்கு இடம் கொடுக்கவில்லை. ஏழைக் குடும்பத்தை அழிப்பது சாராயமும் கள்ளச் சாராயமும்தான். 2015 ஜூனில் மும்பை மால்வணியில் விஷச் சாராயத்துக்கு நூறு பேருக்கு மேல் பலியானதை நகரம் மறந்திருக்காது.

மளிகைக் கடை விற்பனையை எதிர்த்தவர்கள் சொன்னவற்றில் ஒன்று மட்டும் எளிதில் தள்ளத்தக்கதன்று. குடிக்கும் வயது ஒயினுக்கும் பீருக்கும் மகாராஷ்டிரத்தில் 21. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பையன் வயதுச் சான்று கேட்பானா? கேட்காவிட்டால் யார் பிடிப்பது? அதற்கு விடை காணாமல் அலமாரியைத் திறப்பது சரியாகாது.

டில்லி தந்த பாடம்

கடைகளின் போட்டியால் விலை குறையட்டும் என்று விட்டால் என்ன ஆகும் என்பதற்கு டில்லி ஓர் உதாரணம். 2021 நவம்பர் 17இல் அங்கே புதிய கலால் கொள்கை அமலுக்கு வந்தது. சர்க்கார் கடைகள் விலகிக்கொள்ள, நகரத்தை 32 வட்டாரங்களாகப் பிரித்து 849 கடைகளுக்குத் தனியாரிடம் உரிமம் கொடுத்தார்கள். அச்சடித்த விலைக்குக் கீழே விற்கவும் அனுமதி கிடைத்தது. வரியின் பெரும் பகுதி உரிமக் கட்டணமாக முன்கூட்டியே வசூலிக்கப்பட்டது. முன்பணமாகப் பெருந்தொகை கட்டிய வியாபாரிக்கு, அதன் பிறகு விற்கும் ஒவ்வொரு புட்டிக்கும் வரிச் சுமை அற்பம். விற்கும் எண்ணிக்கையைக் கூட்டினால் போதும். "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்ற அறிவிப்புகள் முளைத்தன. கடைவாசலில் வரிசை நீண்டது. அக்கம்பக்கத்தார் முறையிட்டார்கள். சிறிய உரிமதாரர்கள் தாக்குப்பிடிக்க முடியாமல் திணறினார்கள்.

2022 பிப்ரவரி 28இல் சர்க்கார் தள்ளுபடிகளுக்குத் தடை விதித்தது. ஏப்ரலில் 25 சதவிகிதம் வரை தள்ளுபடி செய்யலாம் என்று மறுபடியும் அனுமதித்தது. இதற்குள் பல வட்டாரங்களின் உரிமதாரர்கள் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். 2022 செப்டம்பர் 1இல் பழையபடி சர்க்கார் கடைகளே வந்தன. கொள்கையை வகுத்ததில் முறைகேடு நடந்ததா என்ற விவகாரம் வழக்காகி, அரசியல் புயலாக மாறியது தனிக் கதை. அந்தக் கொள்கையால் 2,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் இழப்பு என்று 2025 பிப்ரவரியில் டில்லி சட்டசபையில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை கணக்கிட்டது.

மலிவு ஒயின் என்ற கோணத்திலிருந்து பார்த்தால் டில்லியின் பாடம் வேறு. அங்கே கிடைத்த மலிவு, சரக்கைத் திறமையாக வாங்கியதால் வந்த மலிவு அல்ல; உரிமக் கட்டணத்தை ஈடுகட்ட அவசரமாக விற்றதால் வந்த மலிவு. இத்தகைய மலிவு நிலைக்காது. எதிர்த் துருவத்தில் தமிழ்நாடு இருக்கிறது. அங்கே 1983இல் மொத்த வியாபாரத்தையும், 2003இல் சில்லறை விற்பனையையும் எடுத்துக்கொண்ட டாஸ்மாக் ஒன்றே வியாபாரி. போட்டியும் இல்லை, தள்ளுபடியும் இல்லை. கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் பன்னீர் திராட்சை காய்க்கிறது. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இருந்தும் பழத்தைக் கூடையில் விற்பதைத் தவிர விவசாயிக்குப் பெரிதாக வேறு வழி அமையவில்லை.

வாங்குபவர் கவனிக்க வேண்டியவை

இருக்கிற நிலையில், ஒயின் வாங்க விரும்புபவர் ஏமாறாமல் இருக்கச் சில விஷயங்களை அறிந்து வைத்துக்கொள்வது நல்லது. விலை குறைத்து விற்கப்படும் புட்டியின் லேபிளில் அறுவடை ஆண்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மலிவான வெள்ளை ஒயினும் ரோஜா நிற ஒயினும் பழையதாக ஆகச் சிறப்பதில்லை. இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குள் குடித்துவிட வேண்டியவை அவை. வெள்ளை ஒயின் பழுப்பேறியிருந்தால் விட்டுவிடலாம். தக்கை மேலே தள்ளிக்கொண்டோ, மூடியைச் சுற்றிக் கசிந்த கறையோடோ இருந்தால் அந்தப் புட்டி மும்பையின் மே மாத வெப்பத்தில் வெந்தது என்று அறியலாம். ஒயினுக்கு வெப்பமே முதல் எதிரி. குளிர்சாதனமுள்ள கடையில் நூறு ரூபாய் கூடக் கொடுத்து வாங்குவது சில சமயம் லாபம்.

திருகு மூடி போட்டது மட்டம், தக்கை போட்டது உயர்வு என்ற எண்ணம் தவறு. "ரிசர்வ்" என்ற சொல்லுக்கு உலகம் முழுவதும் ஒரே பொருள் கிடையாது. ஸ்பெயினில் அதற்குச் சட்டம் உண்டு, அமெரிக்காவில் இல்லை. இங்கே "போர்ட்" என்று மலிவாக விற்கப்படும் இனிப்பு ஒயினுக்கும் போர்ச்சுகலில் டோரோ பள்ளத்தாக்கில் தயாராகும் போர்ட்டுக்கும் பெயரில் மட்டுமே ஒற்றுமை. வெளிநாடு போனவர்கள் மலிவுக் கடையில் தேடும்போது, புகழ்பெற்ற வட்டாரத்தின் மட்டமான சரக்கைவிட, அதிகம் பேசப்படாத வட்டாரத்தின் நல்ல சரக்கு கிடைப்பது எளிது. போர்ச்சுகல், சிலி, தென் பிரான்ஸின் லாங்டாக் ஆகியவை அத்தகையவை. திரும்பி வரும்போது வரியில்லாமல் கொண்டுவரக்கூடியது ஆளுக்கு 2 லிட்டர் மட்டுமே.

மும்பைவாசிகள் பலர் அறியாத இன்னொரு விஷயம், 1949ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது என்பது. அதன்படி மது வாங்கவும் வைத்திருக்கவும் குடிக்கவும் பர்மிட் வேண்டும். ஒரு நாளுக்கும், ஓர் ஆண்டுக்கும், ஆயுள் முழுவதற்கும் பர்மிட்டுகள் உண்டு. கடைக்காரர் கேட்கவில்லை என்பதற்காகச் சட்டம் இல்லை என்று ஆகிவிடாது.

எது நல்ல மலிவு?

மதுவிலக்கை நோக்கிச் செல்ல வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 47ஆவது ஷரத்து ராஜ்யங்களுக்கு வழிகாட்டுகிறது. கஜானாவோ மது வருவாயில்லாமல் நகராது என்ற நிலை. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு, விவசாயியின் பெயரால் ஒரு நாள் அலமாரியைத் திறப்பதும், மறுநாள் கலாசாரத்தின் பெயரால் மூடுவதும் கொள்கை ஆகாது.

விவசாயிக்கு நன்மை செய்வதுதான் நோக்கம் என்றால், வரியைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒயின் திராட்சைக்கு எழுத்து மூலம் ஒப்பந்தமும் குறைந்தபட்சக் கொள்முதல் விலையும் வேண்டும் என்று ஆலைகளுக்கு நிபந்தனை விதிக்கலாம். வாங்குபவருக்கு நன்மை செய்வதுதான் நோக்கம் என்றால், ராஜ்யத்துக்கு ராஜ்யம் மாறும் லேபிள் கட்டணங்களையும் எல்லை வரிகளையும் ஒழுங்குபடுத்தலாம். மதுவின் மீதான வரியை அதிலுள்ள ஆல்கஹாலின் அளவை வைத்து விதிக்கும் முறையைப் பல நாடுகள் பின்பற்றுகின்றன. பிரிட்டன் 2023 ஆகஸ்டு முதல் அதைக் கறாராகச் செய்கிறது. அந்த முறை இங்கேயும் வந்தால் கடுமையான மதுவுக்கு அதிக வரி, மிதமானதற்குக் குறைந்த வரி என்ற நியாயம் தானாகவே அமையும். ஸ்காட்லாந்தில் 2018 முதல் இருப்பதுபோல், ஆல்கஹால் அளவுக்கு ஏற்ப ஒரு குறைந்தபட்ச விலையும் இருந்தால், டில்லியில் நடந்த "ஒன்றுக்கு ஒன்று இலவசம்" போன்ற கூத்துக்கு இடமிருக்காது.

மலிவிலும் இரண்டு வகை உண்டு. இடைத்தரகும் வீண் செலவும் குறைவதால் வரும் மலிவு ஒன்று. யாரோ ஒருவர் நஷ்டப்படுவதால் வரும் மலிவு இன்னொன்று. முதலாவது வகை மலிவு இந்தியாவில் ஒயினுக்கு இன்னும் வரவில்லை. இரண்டாவது வகையை நாசிக் விவசாயி ஒரு முறை பார்த்துவிட்டார். வெட்டி எறிந்த கொடிகளின் கடனை அடைக்கப் பல வருஷம் உழைத்தார். அடுத்த முறை மளிகைக் கடை அலமாரியைப் பற்றி மந்திரி சபை கூடிப் பேசும்போது, முதலில் அவருக்குக் கிடைக்கப்போகும் கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்ற எண்ணைச் சொல்லட்டும். அலமாரியின் அளவைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.